ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள்

ஹைதராபாத், பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் கிருத்திகையன்று தரிசனம் முடித்து வெளியே வந்தால், மாதாபூர், கச்சிபௌலி பக்கம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "அங்கிள், ஜஹீராபாத் பக்கம் ஒரு ஏக்கர் வருது, வாங்கலாமா?" என்பார்கள். சென்ற மாதம் ஒரு பெண், ஜார்ஜியா நாட்டில் இதைவிட மலிவாமே என்று கேட்டாள்.

நான் முப்பத்திரண்டு வருடம் வங்கியின் கிராமக் கிளைகளில் விவசாயக் கடன் பார்த்தவன். பழைய மேடக், மஹபூப்நகர், நல்கொண்டா மாவட்டங்களில் வரப்பு வரப்பாக நடந்து நிலம் மதிப்பிட்டிருக்கிறேன். சொந்தமாகவும் கொஞ்சம் வாங்கி, அடிபட்டுக் கற்றிருக்கிறேன். கோயில் வாசலில் நின்றபடி பாதி பாதியாகச் சொன்னதையெல்லாம் இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

1. விலை என்ன என்று கேட்பதற்கு முன், ஏன் இந்த விலை என்று கேளுங்கள்.

2023 ஆகஸ்டில் கோகாபேட்டையில் அரசு ஏலம் விட்டபோது ஒரு மனை ஏக்கர் 100 கோடி ரூபாயைத் தாண்டிப் போனது. அங்கிருந்து மும்பை நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் ஏக்கருக்கு லட்சங்களில் பேசுகிறார்கள். இந்த வித்தியாசத்தைக் கண்டு மயங்காதீர்கள். ஒரு நிலம் மலிவாக இருக்கிறதென்றால் அங்கே தண்ணீர் இருக்காது, அல்லது வழி இருக்காது. பத்திரத்தில் கோளாறு இருக்கலாம். சட்டம் குறுக்கே நிற்கலாம். வேலைக்கு ஆள் கிடைக்காத ஊராகவும் இருக்கலாம். தண்ணீரையும் வழியையும் பெரும்பாலும் பணம் போட்டுச் சரிசெய்யலாம். பத்திரக் கோளாறு தீர வருடங்கள் ஆகும், தீராமலும் போகும். சட்டம் தடுக்கும் நிலத்தை எவ்வளவு கொட்டினாலும் உங்களுடையதாக்க முடியாது.

பாலமூரு என்று இங்குள்ளவர்கள் சொல்லும் பழைய மஹபூப்நகரைப் பாருங்கள். பாலமூரு கூலிகள் இந்தியா முழுக்க அணை கட்டவும் சாலை போடவும் போனவர்கள். மழை ஏமாற்றும் சீமை என்பதால் நிலத்தை யாரும் சீண்டவில்லை. கல்வகுர்த்தி ஏற்றுப்பாசனத்தில் கிருஷ்ணா தண்ணீர் மேலேறி வந்த கிராமங்களில் விலையும் கூடவே ஏறிவிட்டது. மண் அதேதான், தண்ணீர் மட்டும்தான் புதிது. காரணம் தெரிந்து வாங்கியவர்கள் பிழைத்தார்கள்.

2. இங்குள்ள அளவுக் கணக்கைப் படியுங்கள்.

சென்ட் கணக்கு இங்கே செல்லாது. 40 குண்டா ஒரு ஏக்கர். ஒரு குண்டா 121 சதுர கஜம், நம் ஊர் வழக்கில் இரண்டரை சென்ட். புரோக்கர் "ஃபார்ம் பிளாட்" என்று 5 குண்டா, 3 குண்டா துண்டு காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். 20 குண்டாவுக்குக் குறைந்த துண்டுகளாக விவசாய நிலத்தை வெட்டி விற்பது சட்டத்துக்குப் புறம்பு என்று 2024-ல் அரசு அமைத்த ஹைட்ரா அமைப்பே வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்காது. மின் இணைப்புக்கும் அலைவீர்கள்.

3. பாஸ்புத்தகத்தைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள்.

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். விற்பவர் கையில் பட்டாதார் பாஸ்புத்தகம் இருக்கும், இணையத்தில் தட்டினால் அவர் பெயர் வரும், பிள்ளைகள் திருப்தியாகிவிடுவார்கள். ஆனால் இந்த மண்ணின் கணக்கு நிஜாம் காலத்தில் எழுதப்பட்டது. ஜாகிர் நிலம், இனாம் நிலம், நிஜாமின் சொந்த வருமானத்துக்கான சர்ஃப்-ஏ-காஸ் நிலம் என்று பல வகை. 1949-ல் ஜாகிர் ஒழிந்தது. 1950-ல் வந்த ஹைதராபாத் குத்தகைச் சட்டம் உழுதவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அதன் 38-ஈ பிரிவில் உரிமை பெற்ற குத்தகைதாரர்களின் பேரன்கள் இன்றும் வழக்கு நடத்துகிறார்கள். 1955-ல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. இனாம் நிலமாக இருந்தால் ஓஆர்சி என்னும் அனுபோகச் சான்று இல்லாமல் ஒரு குண்டாகூட வாங்கக் கூடாது.

ஆகவே சேத்வார் நகல் கேளுங்கள், முதல் சர்வேயில் நிலம் யார் பெயரில் இருந்தது என்று அது சொல்லும். 1954-55-ம் வருடத்துக் கஸ்ரா பஹாணி என்னும் நிலப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். அதில் இருக்கும் பெயரிலிருந்து இன்று விற்பவர் பெயர்வரை, விற்பனை, பாகப்பிரிவினை, வாரிசு என்று ஒவ்வொரு கண்ணியும் காகிதத்தில் தொடர்ந்து வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி இல்லையென்றால், "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பல ஊர்களில் அந்த அறுந்த கண்ணி சாதா பைனாமாவாக இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதி, பெருவிரல் வைத்து, பதிவு செய்யாமல் கைமாறிய நிலம் அது. 2020-ல் இவற்றை முறைப்படுத்த அரசு மனுக் கேட்டபோது லட்சக்கணக்கில் வந்து குவிந்தது. பாவம், மனுப் போட்டவர்கள் ஏமாற்றுகிறவர்கள் இல்லை, பதிவுச் செலவுக்கு வழியில்லாத குடியானவர்கள். ஆனாலும் முறைப்படுத்தி முடியும்வரை நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

2020 அக்டோபர் 29-ல் தரணி தளம் வந்தது. விவசாய நிலப் பதிவு தஹசில்தார் அலுவலகத்துக்கே போனது. வேகம் கூடியது உண்மை. ஆனால் பழைய பஹாணியில் இருந்த அனுபவதார் பத்தி தரணியில் இல்லாமல் போனது. அதாவது, பட்டா யார் பெயரில் என்று தெரியும், உழுகிறவர் யார் என்று தெரியாது. 2025 ஏப்ரல் 14-ல் பூ பாரதி அதன் இடத்தில் வந்திருக்கிறது. எந்தத் தளம் வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: காலை ஆறு மணிக்கு வயலுக்குப் போய், அங்கே வேலை செய்கிறவரிடம் "இது யாருடைய நிலம், நீங்கள் எத்தனை வருடமாகப் பயிர் வைக்கிறீர்கள்?" என்று தெலுங்கில் கேளுங்கள். தெலுங்கு வராதென்றால் இன்றிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். நிலம் வாங்க அதுவும் ஒரு தகுதி.

இன்னொன்று. பூர்வீக நிலமென்றால் அக்கா தங்கைகளின் கையெழுத்து வேண்டும். என்.டி.ராமாராவ் ஆட்சிக் காலத்தில், 1985 செப்டம்பர் 5 முதல், இங்கே பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. 2005-ல் மத்தியச் சட்டம் அதை நாடு முழுக்க உறுதியாக்கியது. "அவங்களுக்கெல்லாம் கல்யாணத்திலேயே செய்துட்டோம்" என்று அண்ணன் சொல்வது நீதிமன்றத்தில் நிற்காது. ஒவ்வொரு சகோதரியையும் நேரில் பார்த்து, அவர் மனமொப்பிக் கையெழுத்திடுகிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். நமக்குப் பத்திரமாக இருக்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அது அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டிய பங்கு.

4. லாவணிப் பட்டாவைத் தொடாதீர்கள்.

நிலமில்லாத ஏழைகளுக்கு அரசு கொடுத்த அசைன்டு நிலத்தை இங்கே லாவணிப் பட்டா என்பார்கள். 1977-ம் ஆண்டுச் சட்டப்படி அதை விற்க முடியாது, வாங்கினால் அரசு மீட்டுக்கொள்ளும். 1892-ல் நம் சீமையில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே துயரம்தான் இங்கும் நடக்கிறது.

1996-ல் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், பக்கத்து நிலத்தைவிடப் பாதி விலை என்று மூன்று ஏக்கர் வாங்கினார். ஜிபிஏ என்னும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். நானும் கூடப் போய்ப் பார்த்தேன். காகிதத்தைப் படிக்காமல் மண்ணை மட்டும் பார்த்து "நல்ல நிலம்" என்று சொன்னேன். ஆறு வருடம் கழித்து அது லாவணிப் பட்டா என்று நோட்டீஸ் வந்தது. மாந்தோப்பு போட்டிருந்தார், அவ்வளவும் போயிற்று. நிலம் திரும்பி அரசிடம் போனதில் எனக்கு வருத்தமில்லை, அது ஏழைக்கு உரியது. அந்த இரண்டு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

பூதான் நிலமும் இப்படித்தான். 1951 ஏப்ரல் 18-ல் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் போச்சம்பள்ளியில், நிலமற்ற தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் கேட்டார்கள். வினோபா பாவே கூட்டத்தைப் பார்த்து யாராவது தருவீர்களா என்று கேட்டார். வெதிரே ராமசந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். அப்படித் தானமாக வந்த நிலத்தை விலைக்கு வாங்க நினைக்கிற மனசே நமக்கு வேண்டாம். பதிவுச் சட்டத்தின் 22-ஏ தடைப் பட்டியலில் சர்வே எண்ணைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் தெரிந்துவிடும்.

5. ஏஜென்சி என்னும் பழங்குடிப் பகுதிகளில் பழங்குடியினர் அல்லாதவர் நிலம் வாங்க முடியாது. 1959-ல் வந்து 1970-ல் இறுக்கப்பட்ட விதி அது, இங்கே "ஒன் ஆஃப் செவன்டி" என்பார்கள். உட்னூர், ஏட்டூர்நாகாரம், பத்ராசலம், ஸ்ரீசைலம் சாலையில் அம்ராபாத் பக்கம் எல்லாம் இதில் வரும். காடும் மலையும் அழகாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

6. கடல் தாண்டிய மலிவைப் பற்றி.

அந்தப் பெண் கேட்ட ஜார்ஜியாவுக்கு வருகிறேன். 2012-ஐ ஒட்டிய வருடங்களில் பஞ்சாபிலிருந்து விவசாயிகள் அங்கே போனார்கள். பஞ்சாபில் ஒரு ஏக்கர் விற்ற காசுக்கு அங்கே பல ஏக்கர் கிடைத்தது. உள்ளூர் மக்களுக்கு அச்சம் வந்தது. 2013-ல் அந்நாட்டு அரசு வெளிநாட்டவருக்கு விவசாய நிலம் விற்பதை நிறுத்திவைத்தது. 2018-ல் அரசியல் சட்டத்திலேயே தடை ஏறிவிட்டது.

பெங்களூரின் கருத்தூரி நிறுவனம் எத்தியோப்பியாவின் காம்பெல்லாவில் 1 லட்சம் ஹெக்டேரை ஐம்பது வருடக் குத்தகைக்கு எடுத்தது. வருடத்துக்கு ஹெக்டேருக்கு 20 பிர் வாடகை, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். 2011-ல் பாரோ ஆறு பெருகி மக்காச்சோளத்தை மூழ்கடித்தது. அந்த மண்ணில் தலைமுறையாக இருந்த அனுவாக் மக்கள் எதிர்த்தார்கள். 2015 கடைசியில் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஆறு பெருகும் மட்டம் தெரியவில்லை, வாங்கிய இடத்து மனிதர்களும் தெரியவில்லை.

இத்தாலியின் சிசிலித் தீவில் சம்புகா என்ற சிற்றூர் 2019-ல் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோவிலிருந்து ஏலம் விட்டது. மூன்று வருடத்துக்குள் புதுப்பிக்க வேண்டும் என்றும் 5,000 யூரோ வைப்புத்தொகை என்றும் நிபந்தனை. ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி 90 லட்சம் வீடுகள் காலி. ஆனால் அங்கே வயல் வாங்க உள்ளூர் விவசாயக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவை எனக்குப் பிடித்திருக்கிறது. பயிர் வைக்கிறவனுக்குத்தான் வயல் என்பது நியாயமான விதி. கனடாவின் சஸ்காட்செவானில் அங்கே குடியிருக்காத வெளிநாட்டவருக்கு 10 ஏக்கர்தான் உச்சவரம்பு. தாய்லாந்தில் வெளிநாட்டவர் பெயரில் நிலம் எழுத மாட்டார்கள். இலங்கையும் 2014-ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. சுற்றிப் பார்த்தால் ஒன்று விளங்கும். மண் மலிவாக இருக்கிற நாடுகள் பலவும் அதை வெளியாளிடம் போகவிடாமல் காக்கின்றன. நம் நாட்டுக்குள்ளேயே, இமாசலத்தில் 1972-லிருந்து வெளியாட்களுக்கு அனுமதி இல்லாமல் விவசாய நிலம் கிடையாது. மகாராஷ்டிரத்தில் நீங்கள் விவசாயி என்று காட்ட வேண்டும். கர்நாடகம் 2020-ல்தான் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது. ஜஹீராபாத் தாண்டி பீதர் பக்கம் நம் ஆட்கள் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகே. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் எந்தத் தொழில் செய்கிறவரும் வாங்கலாம். இது பெரிய சலுகை.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ஆர்ஐ ஆனபின் இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு எதையும் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால்தான் உண்டு. இங்கே குடியிருக்கும்போது வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் விசா கையில் வந்த வாரத்தில் அவசரமாகப் பயானா என்னும் முன்பணம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஆளில்லாத நிலத்தின் எல்லைக்கல் நகரும்.

7. மே மாதத்தில் போய்ப் பாருங்கள்.

ஆகஸ்டில் தெலங்கானா முழுக்கப் பச்சை. புரோக்கர்கள் அப்போதுதான் அழைத்துப் போவார்கள். நீங்கள் மே இரண்டாம் வாரம் போங்கள். பக்கத்துக் கிணறு, போர்வெல் எல்லாவற்றிலும் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று கேளுங்கள். அடியில் இருப்பது கருங்கல் பாறை. பாறை வெடிப்பில் இருக்கும் தண்ணீர்தான் தண்ணீர், அது இந்த வயலில் இருக்கும், அடுத்த வயலில் இருக்காது.

1995-ல் சதாசிவபேட்டைக்கு அப்பால் 2 ஏக்கர் 10 குண்டா வாங்கினேன். முதல் போர் புழுதி, இரண்டாவதும் புழுதி. மூன்றாவதில் 280 அடியில் தண்ணீர் வந்தபோது என் மனைவி அழுதுவிட்டாள். 2004 வறட்சியில் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு மழையை நம்பித் துவரையும், வரப்போரம் மாமரமும்தான். ஆறேழு அடிக்குப் பண்ணைக்குட்டை வெட்டியபின்தான் மரங்கள் கோடையைத் தாண்டின. மறுபடி வாங்குவதாக இருந்தால் போருக்குப் போட்ட பணத்தில் முதலில் குட்டை வெட்டுவேன்.

மண்ணையும் பாருங்கள். சிவப்பு மண்ணுக்கு இங்கே சல்கா என்று பெயர். மழை பெய்தால் உடனே உழலாம், உடனே காயும். கரிசலுக்கு ரேகடி. ஈரம் பிடிக்கும், ஆனால் மழை நாளில் கால் வைக்க முடியாது, சுவர் எழுப்பினால் வெடிக்கும். இரண்டு மண்ணும் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்பதால்தான் இக்ரிசாட் ஆய்வு நிலையம் 1972-ல் படான்செருவில் அமைந்தது. வாங்கும் முன் ராஜேந்திரநகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

8. வழி நக்ஷாவில் இருக்க வேண்டும்.

வண்டி போகிற தடமெல்லாம் பாதை ஆகாது. கிராம வரைபடத்தில் கோடு இருந்தால் அது நக்ஷா பாட்டை, யாரும் மறிக்க முடியாது. இல்லையென்றால் பக்கத்து நிலத்துக்காரரின் தயவில்தான் நீங்கள் உங்கள் நிலத்துக்குப் போக வேண்டும். அவர் நல்லவராக இருப்பார், அவர் மகன் எப்படியோ.

9. ஏரிக்கரை நிலத்துக்கு ஆசைப்படாதீர்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு எல்லையும் அதை ஒட்டிய பாதுகாப்பு விளிம்பும் எங்கே என்று கேட்டு அளந்து பாருங்கள். 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் 84 கிராமங்களை 1996-ல் அரசாணை 111 காத்தது. 2022-ல் அதைத் தளர்த்தினார்கள். சட்டம் தளர்ந்தாலும் தண்ணீர் தன் இடத்தை மறக்காது. அங்கே வாங்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

10. கையில் இருக்கும் பணம் முழுவதையும் நிலத்தில் போடாதீர்கள்.

விவசாய நிலத்துக்கு வீட்டுக்கடன் கிடையாது. தனிநபர் கடன் எடுத்து வாங்குவது கூடவே கூடாது. துவரை விற்று அந்த வட்டி கட்ட முடியாது. பதிவுக்கு ஏழரை சதவீதம் போகும். பிறகு சர்வே, வேலி, குட்டை, மின்சாரம், காவலுக்கு ஒரு குடும்பம். காட்டுப்பன்றியும் குரங்கும் வரும் ஊரென்றால் வேலிச் செலவு இரட்டிப்பு. 60 லட்சம் இருந்தால் 40 லட்சத்துக்கு மேல் நிலம் பார்க்காதீர்கள். மாதம் இரண்டு முறை போய்வர முடியாத தூரத்தில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

11. விற்கிறவரின் முகத்தைப் பாருங்கள்.

நிலத்துக்காகச் சண்டை போட்டு இரத்தம் சிந்திய நாடு இது. பாலகுர்த்தியில் சாகலி ஐலம்மா தன் வயலின் விளைச்சலைத் தேஷ்முக் என்னும் நிலப்பிரபுவிடம் விடாமல் நின்றார். 1946-ல் தொட்டி கொமரய்யா சுடப்பட்டபின் எழுந்த விவசாயிகள் போராட்டம் 1951 வரை நடந்தது. அப்படிக் கிடைத்த நிலத்தை ஒருவர் இன்று விற்கிறார் என்றால் மகள் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ, போர்வெல் கடனோ இருக்கும். அந்த அவசரத்தை வைத்து விலையை நசுக்காதீர்கள். நிற்கிற பயிரை அவரே அறுத்துக்கொள்ளட்டும். பணத்தை அவர் கணக்கில் முழுதாகச் செலுத்துங்கள். முடிந்தால் முழு நிலத்தையும் விற்கவேண்டாம், ஒரு ஏக்கர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். நாளை உங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் பெரும்பாலும் அவரே.

சேத்வார் நகல் உருது எழுத்தில் இருக்கும், பல வக்கீல்களுக்கே படிக்க வராது. முதல் கிளையில் இருந்தபோது ஒரு பழைய பட்வாரியிடம், அதாவது கிராமக் கணக்கரிடம், உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டேன். பயானா கொடுக்கும் முன் அந்த நகலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு வாருங்கள். படித்துச் சொல்கிறேன்.